புகழ் பெற்ற ஏமாற்றங்கள்

தைரியத்தில் பல வகை உண்டு. புலியை எதிர்த்து நிற்பது ஒரு வகை. மாதக் கடைசியில் மளிகைக் கடைக்காரர் எதிர்ப்படும்போது பக்கத்துச் சந்தில் நுழைந்து விடாமல் நேரே நடப்பது இன்னொரு வகை. இவ்விரண்டையும் விட அபூர்வமான தைரியம் ஒன்று இருக்கிறது. படித்த மனிதர் நால்வர் கூடியிருக்கும் இடத்தில், அவர்கள் தலைமேல் வைத்துக் கொண்டாடும் ஒரு புஸ்தகத்தைக் குறித்து, "எனக்கு அது ரஸிக்கவில்லை" என்று வாய் திறந்து சொல்லும் தைரியமே அது.

அத்தகைய சந்தர்ப்பத்தில் பெரும்பாலோர் என்ன செய்கிறார்கள்? "ஆஹா, அதற்கென்ன சந்தேகம்!" என்று தலையை அசைத்து விடுகிறார்கள். புஸ்தகத்தைப் பாதியில் மூடி வைத்தவர், அதைப் படித்து முடித்தவரைக் காட்டிலும் பலமாகத் தலையை அசைப்பதையும் நாம் பார்த்திருக்கிறோம்.

இப்பகுதியைப் படிக்கும் அன்பர்கள், "எந்தப் புஸ்தகம் படிக்கலாம்?" என்று நம்மைக் கேட்பதுண்டு. "எந்தப் புஸ்தகத்தைப் படித்து ஏமாந்தீர்கள்?" என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. கேளாத கேள்விக்குப் பதில் சொல்வது பள்ளிக்கூடத்தில் குற்றம். பத்திரிகையில் அப்படி ஒரு விதி இல்லை. ஆகையால் இந்த வாரம் அந்தக் கேள்வியை நாமே கேட்டுக்கொண்டு, பதிலையும் சொல்லி விடுவதென்று துணிந்தோம்.

ஒரு விஷயத்தை முன்னதாகச் சொல்லி விடுகிறோம். இங்கே பேசப் போவது விமர்சகர் அல்லர், பண்டிதரும் அல்லர். இராச் சாப்பாடு முடிந்த பின் சாய்வு நாற்காலியில் அரை மணி நேரமும், ரயில் வண்டியில் ஜன்னலோரம் கிடைத்தால் இரண்டு மணி நேரமும் படிக்கிற சாதாரண வாசகர். அவர் ஆராய்ச்சிக்காகப் படிப்பதில்லை, பரீட்சைக்காகவும் படிப்பதில்லை. ஆயினும் எழுத்தாளர்களெல்லாம் யாரை நம்பிப் பேனாவை எடுக்கிறார்களோ அவர் இவர்தாம். இவருடைய அபிப்பிராயந்தான் அச்சில் ஏறுவதே இல்லை.

* * *

இதில் என்ன பெரிய நஷ்டம் என்று கேட்கலாம். நஷ்டம் இருக்கிறது. உபாத்தியாயர் தொழிலில் இருபது வருஷங்களுக்கு மேல் கழித்து விட்டதால் அதை நாம் கண்ணெதிரே பார்த்து வருகிறோம்.

நமது பரீட்சைத் தாள்களில், "இந்நூலின் சிறப்புகளை விளக்குக" என்ற கேள்வி தவறாமல் வருகிறது. குறைகளை விளக்கச் சொல்லும் கேள்வி வந்ததாக நமக்கு ஞாபகமில்லை. ஒன்பதாம் வகுப்புப் பெண் ஒருத்தி ஒருமுறை துணைப்பாட நூலைப் பற்றி இவ்விதம் எழுதினாள்: முதல் மூன்று அத்தியாயம் வரையில் பாட்டி கதை சொல்வது போல் இருந்ததாம், அப்புறம் ஊரிலிருந்து வந்த பெரியப்பா புத்திமதி சொல்வது போல் ஆகி விட்டதாம், பெரியப்பா வந்தால் தான் எழுந்து போய் விடுவது வழக்கமாம். விடைத்தாளைத் திருத்தியவர் அந்தப் பத்தி முழுவதையும் சிவப்பு மையினால் அடித்து, ஓரத்தில் ஒரு பூஜ்யம் போட்டிருந்தார். அந்த வகுப்பில் அந்தப் புஸ்தகத்தை உண்மையாகவே படித்தவள் அவள் ஒருத்திதான் என்பது நம்முடைய அபிப்பிராயம். மற்றவர்கள் எல்லோரும் நோட்ஸிலிருந்த சிறப்புகளை எண்வரிசைப்படி ஒப்பித்திருந்தார்கள்.

அடுத்த பரீட்சையில் அந்தப் பெண்ணும் ஐந்து சிறப்புகளை வரிசையாக எழுதி நல்ல மார்க் வாங்கி விட்டாள். அவள் கற்றுக்கொண்ட பாடம் என்ன? புஸ்தகத்தைப் பற்றி நினைப்பது வேறு, சொல்வது வேறு என்பதுதானே? இப்படிக் கற்றுக்கொண்ட குழந்தைகள் பள்ளியை விட்ட மறுநாளே புஸ்தகத்தையும் விட்டு விடுகிறார்கள். "தமிழில் படிப்பார் இல்லையே!" என்று பிறகு நாம் மாநாடு கூட்டிப் பிரலாபிக்கிறோம்.

* * *

நிற்க. பொதுப்படப் பேசிக்கொண்டே போனால் நம்மையும் பெரியப்பாக்கள் ஜாபிதாவில் சேர்த்து விடுவீர்கள். சில புஸ்தகங்களைப் பெயர் சொல்லியே எடுத்துக் கொள்வோம்.

முதலில், மாயூரம் முன்சீப் வேதநாயகம் பிள்ளை அவர்கள் இயற்றிய "பிரதாப முதலியார் சரித்திரம்". 1857-ஆம் ஆண்டில் எழுதப்பட்டு 1879-இல் அச்சேறிய இந்நூல் தமிழின் முதல் நாவல் என்று எல்லாப் பாடப் புஸ்தகங்களும் சொல்கின்றன. அதை நம்பி நாவல் படிக்கும் ஆவலோடு திறக்கிறார் சாதாரண வாசகர். ஆரம்பம் அமர்க்களமாயிருக்கிறது. பிரதாபனின் குறும்புகளைப் படிக்கும்போது சிரிப்பு வருகிறது. ஆனால் கதை நாலடி நடப்பதற்குள், யாராவது ஒருவர் அதை நிறுத்தி வைத்து உபகதை ஒன்று சொல்லுகிறார். அது முடிந்ததும் நீதி வருகிறது. நீதிக்கு உதாரணமாக மற்றொரு கதை வருகிறது. கதாநாயகி ஞானாம்பாள் ஆண் வேஷத்தில் இருக்கும்போது பட்டத்து யானையினால் தேர்ந்தெடுக்கப்பட்டு ராஜாவாகும் இடத்தில் நாம் நிமிர்ந்து உட்காருகிறோம். ஐயோ பாவம், சிம்மாசனம் ஏறியதும் அந்த அம்மாளும் உபதேசம் ஆரம்பித்து விடுகிறாள்!

இதைச் சொன்னால் பெரியோர்கள் கோபிப்பார்கள். கோபிப்பதற்கு முன் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வாசகரை ஏமாற்றியவர் வேதநாயகம் பிள்ளை அல்லர். பார்த்து எழுதுவதற்குத் தமிழில் ஒரு வசன நாவல்கூட இல்லாத காலத்தில் அவர் எழுதினார். கதை சொல்லி ஜனங்களைத் திருத்த வேண்டும் என்பது அவருடைய நோக்கம். அதை அவர் மறைக்கவும் இல்லை. தமிழ் நாட்டுக் கோர்ட்டுகளில் தமிழிலேயே வாதம் நடக்க வேண்டும் என்று அவர் அந்நூலில் வாதாடியிருப்பது இன்றைக்கும் படிக்கத் தக்கது. ஏமாற்றியவர்கள் "முதல் நாவல்" என்ற பட்டத்தை மட்டும் காட்டி அழைத்து வந்தவர்களே. "முதல்" என்பது ஒரு புஸ்தகத்தின் வயதைச் சொல்லும் வார்த்தை. ருசியைச் சொல்லும் வார்த்தை அன்று. பண்டிகைப் பலகாரத் தட்டைப் போல் நாளுக்கு ஒரு துண்டாக இந்நூலை எடுத்துக்கொள்பவருக்கு ஏமாற்றமில்லை. ஒரே மூச்சில் சாப்பிட உட்காருகிறவருக்கே திகட்டுகிறது.

* * *

அடுத்தது, ராஜமய்யரின் "கமலாம்பாள் சரித்திரம்". 1893 முதல் 1895 வரை "விவேக சிந்தாமணி" பத்திரிகையில் தொடர்ச்சியாக வெளிவந்தது. எழுத ஆரம்பித்தபோது ஆசிரியருக்கு வயது இருபத்தொன்று. இருபத்தாறாவது வயதில், 1898-இல், அவர் காலமாகி விட்டார். அந்தச் சிறிய ஆயுளில் சிறுகுளம் என்னும் கிராமத்தைப் படைத்து அதற்கு உயிரும் கொடுத்து விட்டுப் போனார்! அந்த ஊர்ப் பெண்களின் வம்புப் பேச்சு, முத்துஸ்வாமி அய்யர் வீட்டு ஊடல்கள், அம்மையப்ப பிள்ளை என்ற தமிழ்ப் பண்டிதரின் அசட்டுப் பெருமை—உபாத்தியாயர்களாகிய நமக்கு அந்தக் கடைசிப் பாத்திரம் சற்றே உறுத்துகிறது என்றாலும், சிரிக்காமல் இருக்க முடியவில்லை.

பாதிக் கதைக்கு மேல் என்ன நடக்கிறது? துன்பங்கள் ஒன்றன் பின் ஒன்றாக வந்து இறங்குகின்றன. செல்வம் போகிறது, அபவாதம் வருகிறது, அய்யர் வீட்டைத் துறந்து குருவைத் தேடிப் போகிறார். கதையும் அவருடனேயே சந்நியாசம் வாங்கிக்கொண்டு விடுகிறது. நம்மோடு பேசிச் சிரித்துக் கொண்டிருந்த சிறுகுளத்து மனிதர்கள் மெல்ல மெல்ல வேதாந்தத்தின் பின்னே மறைந்து போகிறார்கள். ஆசிரியருக்கு வேதாந்தம் உயிர் என்பதையும், "பிரபுத்த பாரதம்" என்ற ஆங்கிலப் பத்திரிகையின் ஆசிரியராகவே அவர் கடைசிக் காலத்தைக் கழித்தார் என்பதையும் அறிவோம். ஆயினும் சாய்வு நாற்காலிக்காரர், "அந்த வம்புக்காரப் பெண்கள் எங்கே போனார்கள்?" என்று கேட்டால் அது நியாயமான கேள்விதான்.

உலகப் பெருநாவல்களுக்கும் இந்தக் கதி நேர்ந்திருக்கிறது. டால்ஸ்டாயின் "போரும் அமைதியும்" நூலைப் பல நூறு பக்கங்கள் கண்ணிமைக்காமல் படித்து வருகிறவர், முடிவில், சரித்திரம் எந்த நியதியினால் நடக்கிறது என்ற நீண்ட தத்துவ விசாரணையில் போய் முட்டிக்கொள்கிறார். முட்டிக்கொண்டவர்கள் ருஷ்ய தேசத்திலேயே இருந்திருக்க வேண்டும். 1873-ஆம் வருஷத்துப் பதிப்பில் டால்ஸ்டாய் அந்த விசாரணைப் பகுதிகளைக் கதையிலிருந்து பிரித்து அநுபந்தமாகத் தள்ளி வைத்தார். பிற்பாடு அவை பழைய இடத்துக்கே திரும்பி வந்து விட்டன என்பது வேறு விஷயம்.

இவ்விரு நூல்களையும் சேர்த்துப் பார்க்கும்போது ஒன்று தெளிவாகிறது. மட்டமான புஸ்தகம் யாரையும் ஏமாற்றுவதில்லை. பத்தாவது பக்கத்திலேயே அது தன் சுயரூபத்தைக் காட்டி விடுகிறது. மூடி வைத்து விட்டுத் தூங்கப் போகலாம். நல்ல புஸ்தகந்தான் ஏமாற்ற வல்லது. சிறுகுளம் அவ்வளவு நன்றாக இருந்தபடியால்தான் அதை விட்டுப் போக மனமில்லாமல் வாசகர் முணுமுணுக்கிறார். அந்த முணுமுணுப்பில் பாதி புகழ்ச்சி கலந்திருக்கிறது.

மாதவையாவின் "பத்மாவதி சரித்திரம்" தரும் ஏமாற்றம் இன்னொரு மாதிரியானது. அதன் மூன்றாம் பாகத்தை முடிப்பதற்குள் 1925-இல் ஆசிரியர் இறந்து போனார். அங்கே யாரைக் குறை சொல்வது? யமனுக்கு விமர்சனம் எழுதிப் பிரயோஜனமில்லை.

* * *

இனி, கை வைக்கக் கூடாத இடத்தில் கை வைக்கப் போகிறோம். "பொன்னியின் செல்வன்"!

1950-ஆம் ஆண்டு அக்டோபரிலிருந்து 1954-ஆம் ஆண்டு மே வரையில், மூன்றரை வருஷ காலம் வாரந்தோறும் தமிழ்க் குடும்பங்களைத் தபால்காரருக்காகக் காத்திருக்க வைத்த கதை அது. ஆடிப் பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரை வழியாக வந்தியத்தேவன் குதிரையில் வரும்போது நாமும் ஏறிக்கொள்கிறோம். ஐந்து பாகம் வரையில் இறங்குவதில்லை. இறங்கும் இடத்தில்தான் சங்கடம். ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார் என்று ஆசிரியர் முடிவாகச் சொல்லவில்லை என்பது பலருடைய குறை. நமக்கு அது குறையாகப் படவில்லை. உடையார்குடிக் கல்வெட்டு கொலைகாரர்களின் பெயர்களைச் சொல்கிறதே தவிர, எப்படி, எதற்காக என்பதைச் சொல்லவில்லை. சரித்திரம் வாய் மூடி நிற்கும் இடத்தில் நாவலாசிரியரும் சற்றுத் தயங்கி நிற்கலாம்.

நம்முடைய குறை வேறு. மூன்றரை வருஷம் கூடவே இருந்தவர்கள், ரயில் புறப்படும் வேளையில் விடைபெறுகிறவர்களைப் போல, அவசர அவசரமாகப் போய் விடுகிறார்கள். குந்தவை என்ன ஆனாள், வானதி என்ன ஆனாள் என்று கேட்பதற்குள் வண்டி கிளம்பி விடுகிறது. கடைசி அத்தியாயத்தில் மணிமேகலையின் முடிவு மட்டும் நிதானமாகச் சொல்லப்பட்டிருக்கிறது. அந்த ஓர் இடத்தில் மனம் கரைந்து, நமது புகாரைச் சற்று நேரம் மறந்து போகிறோம் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

இந்தக் குறையை அந்தக் காலத்து வாசகர்களே ஆசிரியருக்குத் தெரிவித்தார்கள். கல்கி அவர்கள் என்ன செய்தார்? "ரஸனை தெரியாதவர்கள்" என்று தள்ளி விடவில்லை. தனியே ஒரு முடிவுரை எழுதி, கதாபாத்திரங்கள் பின்னால் என்ன ஆனார்கள் என்பதையும், தாம் ஏன் அவ்விதம் முடித்தார் என்பதையும் விளக்கினார். அந்த விளக்கம் எல்லோருக்கும் திருப்தி அளித்ததோ இல்லையோ, ஒன்று நிச்சயம்: வாசகரின் ஏமாற்றத்தைப் பதில் சொல்லத் தகுந்த விஷயமாக ஓர் எழுத்தாளர் மதித்தார். மனசில் பட்டதை மறைக்காமல் எழுதிய வாசகர்களும், அதை மதித்த ஆசிரியரும் இருந்தபடியால்தான் அந்த முடிவுரை நமக்குக் கிடைத்தது.

* * *

வியாபாரம் செய்யும் ஏமாற்றமும் ஒன்று உண்டு. அமெரிக்க எழுத்தாளர் ஹார்ப்பர் லீ 1960-இல் "டு கில் எ மாக்கிங்பேர்ட்" என்ற நாவலை வெளியிட்டார். குற்றமற்ற ஒரு நீக்ரோவுக்காகத் தன்னந்தனியே வாதாடும் அட்டிகஸ் என்னும் வக்கீல், உலகெங்கும் நியாயத்தின் உருவமாகவே போற்றப்பட்டார். ஐம்பத்தைந்து வருஷம் கழித்து, 2015-இல், அதே ஆசிரியையின் "கோ செட் எ வாட்ச்மன்" வந்தது. புதிய நாவல் என்று ஜனங்கள் விழுந்தடித்து வாங்கினார்கள். ஒரே வாரத்தில் பத்து லட்சம் பிரதிகளுக்கு மேல் செலவாயிற்று. திறந்து பார்த்தால், வயது முதிர்ந்த அட்டிகஸ் நிறவேற்றுமைக்காரர்களின் கூட்டத்தில் உட்கார்ந்திருக்கிறார்!

உண்மையில் அது புதிய நாவலே அன்று. முதல் நாவலுக்கும் முன்னால், 1950-களின் நடுவில் எழுதி, பதிப்பாசிரியரின் யோசனைப்படி ஒதுக்கி வைத்து, வேறு விதமாக மாற்றி எழுதப்பட்ட பழைய கையெழுத்துப் பிரதி. மிச்சிகன் மாகாணத்துப் புஸ்தகக் கடை ஒன்று, இதை நாவல் என்று நம்பி வாங்கி மனம் வருந்தியவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தர முன்வந்தது. சமையலறையில் பாதி வெந்த சோற்றை இலையில் பரிமாறினால், குற்றம் அரிசியுடையதன்று, பரிமாறினவருடையது. அந்தக் கடைக்காரர் இதை அறிந்திருந்தார்.

இதற்கு நேர்மாறான கதையையும் சொல்லி விடுவோம். 1851-இல் ஹெர்மன் மெல்வில்லின் "மோபி டிக்" முதலில் லண்டனில் மூன்று பாகங்களாக வெளிவந்தது. கப்பல் மூழ்கி எல்லோரும் இறந்து போனதாகக் கதை முடிந்தது. "எல்லோரும் இறந்தார்கள் என்றால் இந்தக் கதையை நமக்குச் சொன்னவன் யார்?" என்று அந்நாட்டு விமர்சகர்கள் சிலர் பரிகசித்தார்கள். கதை சொல்பவன் மட்டும் பிழைத்ததைக் கூறும் முடிவுரை அந்தப் பதிப்பில் விடுபட்டுப் போயிருந்தது! அமெரிக்கப் பதிப்பில் அது இருந்தது. விமர்சகர்கள் பொய் சொல்லவில்லை. கையிலிருந்த புஸ்தகத்தைப் பற்றி அவர்கள் கேட்டது சரியான கேள்வி. கோளாறு ஏட்டில் இருந்தது. மெல்வில் 1891-இல் அநேகமாக மறக்கப்பட்ட மனிதராக இறந்தார். 1920-களில்தான் உலகம் அவரை மறுபடியும் தேடிக் கண்டுபிடித்தது. ஆகவே, ஏமாற்றத்தை உரக்கச் சொல்லலாம்; அதையே தீர்ப்பாக எழுதிக் கையெழுத்துப் போடுவதற்கு முன் சற்றுப் பொறுக்க வேண்டும்.

* * *

"தாய்மொழியில் எழுதிய நூல்களைக் குறை சொல்வது தாயையே குறை சொல்வதாகாதா?" என்று சிலர் கேட்கிறார்கள். அவர்களுடைய அபிமானத்தை மதிக்கிறோம். ஆனால் வீட்டில் நடப்பதைப் பாருங்கள். விருந்துக்கு வந்தவர் உப்பில்லாத குழம்பைச் சாப்பிட்டு விட்டு, "பிரமாதம்!" என்று சொல்லிக் கை கழுவுகிறார், மறுபடி அந்தப் பக்கம் வருவதில்லை. வீட்டுப் பிள்ளை, "அம்மா, உப்புக் குறைச்சல்" என்று சொல்லி, நாளைக்கும் அதே இடத்தில் வந்து உட்காருகிறான். தாய்க்கு இருவரில் யார் வேண்டியவர்? தமிழ்ப் புஸ்தகங்களுக்கு விருந்தாளிகள் ஏராளமாக இருக்கிறார்கள். பிள்ளைகள்தான் போதவில்லை.

பிள்ளைக்கும் சில கடமைகள் உண்டு. "எனக்குப் பிடிக்கவில்லை" என்பதும், "நன்றாயில்லை" என்பதும் வேறு வேறு வாக்கியங்கள். முதலாவதைச் சொல்ல எல்லோருக்கும் பாத்தியதை உண்டு. இரண்டாவதைச் சொல்லக் காரணம் வேண்டும். பாதியில் நிறுத்தியவர், எந்தப் பக்கத்தில் நிறுத்தினார் என்பதையும் சொல்லி விட வேண்டும். கேட்பவர் அதற்குத் தக்கபடி கழித்துக்கொள்வார். தமக்கு ரஸிக்கவில்லை என்பதற்காகப் பிறர் கையிலிருந்து புஸ்தகத்தைப் பிடுங்கக் கூடாது. நூலகக் கலைக்கு ஐந்து விதிகளை 1931-இல் வகுத்துத் தந்த சீர்காழி எஸ். ஆர். ரங்கநாதன், வாசகர் ஒவ்வொருவருக்கும் உரிய புஸ்தகம் கிடைக்க வேண்டும் என்றும், புஸ்தகம் ஒவ்வொன்றுக்கும் உரிய வாசகர் வாய்க்க வேண்டும் என்றும் இரு பக்கத்துக்கும் நியாயம் செய்தார். வாசகருடைய காலத்தை மிச்சப்படுத்த வேண்டும் என்பதும் அவர் விதிகளில் ஒன்று. "அறுபதாம் பக்கத்துக்குமேல் எனக்குச் சலிப்புத் தட்டியது" என்று ஒரு சிநேகிதர் உண்மையைச் சொன்னால், அதைவிடச் சிக்கனமாக இன்னொருவர் காலத்தை மிச்சப்படுத்த வழியில்லை. விலை கொடுத்து வாங்கும் மத்தியதரக் குடும்பத்துக்கு இது பணத்தையும் மிச்சப்படுத்தும்.

உபாத்தியாய நண்பர்களுக்கு ஒரு விண்ணப்பம். வருகிற பரீட்சையில், சிறப்புகளை விளக்கச் சொல்லும் கேள்வி இருந்து விட்டுப் போகட்டும். அதன் கீழே ஐந்து மார்க்குக்கு இன்னொரு கேள்வி சேர்த்துப் பாருங்கள்: "இந்நூலில் உனக்குப் பிடிக்காத பகுதி எது? ஏன்?" 'ஏன்' என்பதற்கு மட்டுமே மார்க் கொடுங்கள். அதற்கு விடை எழுத வேண்டுமானால் குழந்தை புஸ்தகத்தைத் திறந்துதான் ஆக வேண்டும். அந்தக் கேள்விக்குரிய விடை எந்த நோட்ஸிலும் கிடையாது.

வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. இந்தக் கட்டுரையையே பாதியில் மூடி வைத்தவர்கள் இருக்கலாம். அவர்கள் இந்த வரியைப் படிக்கப் போவதில்லையாதலால், பக்கத்தில் இருப்பவர்கள் தயவு செய்து கேட்டு, எந்த இடத்தில் மூடினார்கள் என்பதை ஒரு தபால் கார்டில் எழுதித் தெரிவித்தால் நன்றியுள்ளவர்களாயிருப்போம்.